இருவர் போட்ட வெள்ளைக் கோட்டு

முக்காலியின் மேல் ஏறி நின்று பீரோவின் உச்சித் தட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கம்பளி விழுந்தது. பிறகு மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பை. பிறகு மின்விசிறியின் உடைந்த இறக்கை ஒன்று. கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்து வழி விட்டார்.

"இந்த றெக்கையை எதுக்கு வெச்சிருக்கோம்?"

"ஒட்டறேன்னு நீங்கதான் எடுத்து வெச்சீங்க."

"நானா?"

அவள் தட்டுக்குள் கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினாள். தேடியது ஒரு வெள்ளைக் கோட்டு. அது இந்த வீட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தேடினாள். இங்கேயே கிடைத்துவிட்டால், கூட வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

காலையில் விழாக் குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். இவள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவின் நீளமான தாழ்வாரத்தில் ஒரு சுவரை ஒதுக்கி, அங்கே உழைத்த பெண்களின் படங்களை மாட்டுகிறார்கள். மறுநாள் திறப்பு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பித்தளைத் தகடு, சிலருக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பொருள். மற்ற பெட்டிகளெல்லாம் நிரம்பிவிட்டன, உங்கள் பெட்டி மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது மேடம், அந்தக் காலத்துக் கோட்டு இருக்குமா என்று கேட்டிருந்தாள். இருக்கும் என்று இவளும் வாயை விட்டுவிட்டாள்.

தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது சில நாட்களுக்கு முன்பே தெரியும். 'தடையை மீறிப் படிகத்தை வளர்த்தவர்.' அதைப் படித்துக் காட்டியபோது கணவர் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"நீயா? ஆளே இல்லாத ரோட்டுல சிவப்பு விளக்குக்கு நின்னுட்டு இருப்பியே, அந்த நீயா?"

சிரிப்பது நியாயம்தான். அவள் தன் வாழ்நாளில் எந்தத் தடையையும் மீறியதில்லை. 'தரையில் உட்காரக் கூடாது' என்று எழுதியிருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். அந்தப் படிகம் விளைந்த குடுவையை அவள் தொடவும் இல்லை. தொட்டது அக்கா. இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே ரகசியம் அதுதான்.

அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் அதைக்கூடச் சொல்லிப் பார்த்தாள். வேறு யாரோ செய்தது, நான் பண்ணவில்லை என்று, தகட்டைப் பற்றிச் சொன்ன அன்றே போனில் விழாக் குழுப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் மிகவும் பிரியமான குரலில் சொன்னாள்: "எல்லா மேடமும் இதைத்தான் சொல்றாங்க. நான் பண்ணலை, கூட இருந்தவங்க பண்ணாங்க, சார் பண்ணாருன்னு. நீங்க இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் சுவர் காலியா கிடந்துச்சு. அதுக்குத்தானே மேடம் இந்த விழாவே."

அவளுக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒருவேளை அந்தப் பெண் சொல்வதுதான் சரியோ? தான் செய்ததையே செய்யவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டோமோ? ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தாள். தட்டு சுத்தமானதே தவிர மனசு தெளியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.

அவள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது வேதியியல் பிரிவில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தி இவளுக்கு முன்பே வந்தவள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா. சரக்கறையில் இருந்த வெள்ளைக் கோட்டுகளெல்லாம் ஆம்பிளை அளவு. போட்டால் விளிம்பு தரையைக் கூட்டும், கை நுனி அமிலத்தில் முங்கும். ஒருமுறை வந்த மூட்டையில் தவறிப்போய் ஒரு சின்னக் கோட்டு இருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது என்றார் சரக்கறைக்காரர், திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு அக்காவிடம் கொடுத்தார். இருவருக்கும் அது ஒன்றுதான். ஒரு வாரம் ஒருத்திக்குக் காலை வேலை, மற்றவளுக்கு மதிய வேலை. அடுத்த வாரம் மாறும். மதியம் ஒருத்தி கழற்ற மற்றவள் மாட்டிக்கொள்வாள். முதுகுப் பக்கம் இன்னும் சூடாக இருக்கும். பையில் கை விட்டால் அக்காவின் ஊக்கும் இவளுடைய தலைவலித் தைலமும் சேர்ந்தே தட்டுப்படும். வேலை முடிந்தால் அலமாரிக்கு மேலே இருந்த ஆணியில் அதை மாட்டுவார்கள்.

துறைத் தலைவரும் இருவரையும் அந்தக் கோட்டைப் போலவே வைத்திருந்தார். "பொண்ணுங்க" என்பார். பொண்ணுங்க கிட்ட குடு, பொண்ணுங்க பார்த்துக்குவாங்க. எந்தப் பொண்ணு என்று அவர் கேட்டதில்லை, பிரித்துப் பார்த்ததும் இல்லை.

அப்போது அவர்கள் ஒரு மரப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டை மூட்டையாகப் பட்டையை ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, அதிலிருக்கும் கசப்பை மட்டும் தனியே பிரிப்பது. அவ்வளவு மூட்டைக்கும் கடைசியில் மிஞ்சியது குடுவையின் அடியில் கொஞ்சம் பழுப்புப் பாகு. பாகாக இருக்கிறவரை அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. படிகமாக உறைந்தால்தான் அந்தக் காலத்தில் ஒரு பொருளுக்கு முகம் வரும். இது உறையவே மாட்டேன் என்றது. பனிக்கட்டியில் வைத்தார்கள். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டினார்கள். வெவ்வேறு திரவங்களில் கரைத்துப் பார்த்தார்கள். அக்கா அதனோடு பேசியும் பார்த்தாள். தாஜா செய்வாள், திட்டுவாள், உன்னால எங்க ரெண்டு பேருக்கும் வேலை போகப்போகுது என்று மிரட்டுவாள். அது அசையவில்லை.

ஒருநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரும் சேர்ந்து அதை ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி கீழே பிடிக்க. விளிம்பில் வழிந்து பாதிப் பொருள் போய்விட்டது. மேசையில் கொஞ்சம், கோட்டின் கை நுனியில் கொஞ்சம். தலைவர் வந்து பார்த்தார். யார் கொட்டியது என்று கேட்கவில்லை. மிச்சமிருந்த குடுவையை அவரே தூக்கி அலமாரியின் மேல் வைத்து, வாயை வடிதாளால் மூடி நூல் கட்டினார். உள்ளே இருக்கும் திரவம் மெல்ல ஆவியாகிப் போகட்டும் என்று வடிதாளில் குண்டூசியால் ஓட்டைகள் போட்டார். இனிமேல் இதைத் தொடுகிறவர்கள் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற மனிதர்.

குடுவை அங்கேயே இருந்தது. தூசு தட்டக்கூட அவர்கள் அதன் பக்கம் போகவில்லை. கோட்டு வழக்கம்போல ஆணிக்கும் உடம்புக்குமாகப் போய் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, அவள் முதல் ஆளாக வந்து கோட்டை எடுக்கக் கையை நீட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள். குடுவையின் அடியில் பாகு இல்லை. ஊசி ஊசியாக, வெள்ளையாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, குச்சிகளைக் கொட்டி வைத்ததுபோல் படிகம்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. திரும்பிக் கதவைப் பார்த்தாள். முந்தைய நாள் கடைசியாகக் கதவைப் பூட்டியது அக்கா. அக்கா தொட்டுவிட்டாள்! கண்ணாடிக் குச்சியை விட்டுச் சுரண்டியிருப்பாள், அவள் கை சும்மா இருக்காது. வேலை போய்விடும். அக்காவின் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் வந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "தானாவே வந்திருக்கு சார்" என்றாள். அதுவரை அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. 

தலைவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நூல் கட்டு அவிழவில்லை என்பதை அவர் கவனித்தாரா தெரியாது, இவள் கவனிக்கவில்லை. "தானா எதுவும் வராது" என்றார். "பொண்ணுங்கள்ல யாரோ கை வெச்சிருக்கீங்க. போகட்டும்." மதியம் அக்கா வந்ததும் அவளும் அதையே சொன்னாள்: தானாகத்தான் வந்திருக்கும் சார். என்ன சாமர்த்தியம் என்று இவள் மனசுக்குள் வியந்தாள். இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. அக்காவின் குற்றத்தைப் பேசி அக்காவைச் சங்கடப்படுத்துவானேன்?

தலைவர் அந்தப் படிகத்தை வைத்துப் பெயர் வாங்கினார். பல வருஷங்கள் கழித்து அவருக்கு எடுத்த பாராட்டு விழாவில், என்னுடைய பொண்ணுங்கள்ல ஒருத்தி என் பேச்சைக் கேட்காததால்தான் இதெல்லாம் நடந்தது என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். அந்தப் பேச்சின் பதிவைத்தான் விழாக் குழுப் பெண்கள் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எந்தப் பொண்ணு என்று பார்த்தபோது, ஒருத்தி முனைவர் பட்டம் வாங்கிக் கடைசிவரை அங்கேயே இருந்திருக்கிறாள். இன்னொருத்தி கொஞ்ச நாளில் பெண்கள் பள்ளிக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டாள். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

அவள் உண்மையில் செய்த வேலை ஒன்று உண்டு. பீங்கான் கோப்பைகளின் பளபளப்புப் பூச்சிலிருந்து சூடான பானத்துக்குள் ஈயம் எவ்வளவு கசிகிறது என்று வருஷக்கணக்காக அளந்தாள். சந்தையில் கிடைத்த கோப்பைகளையெல்லாம் வாங்கி வந்து, நிரப்பி, சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி. "இன்னொரு தரம்" என்பாள், மாணவர்கள் சலித்துக்கொண்டே செய்வார்கள். இன்னொருதரம் மேடம் என்பதே அவள் பெயராகிவிட்டது. அந்த அளவுகளைப் பார்த்துவிட்டுச் சில தொழிற்சாலைகள் பூச்சை மாற்றின. இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் தேநீர் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பாள். வெளியே கூட்டிப் போனால் மானம் போகிறது என்பார் கணவர். இதைப் போடக் கூடாதா என்று தயங்கித் தயங்கி விழாக் குழுப் பெண்ணிடம் கேட்டபோது, நல்ல வேலைதான் மேடம், ஆனால் தகட்டில் ஒரு வரியில் சொல்ல வராது என்றாள் அவள்.

ஆக, தன்னுடையது சுவரில் இல்லை, இருப்பது அக்காவினுடையது. நாளைக்கு அதன் கீழே போய் நின்று சிரிக்க வேண்டும்.

மதியம் போல அக்கா வீட்டுக்குப் போனாள். வேலையை விட்டபோது கோட்டை அக்காதான் கொண்டுபோயிருந்தாள். இரண்டாவது மாடி. படிக்கட்டு வளைவில் யாரோ சைக்கிளைச் சாத்தியிருந்தார்கள், உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. மணியை அடித்ததும் உள்ளேயிருந்து, கதவு திறந்துதான் இருக்கு, என் கையெல்லாம் சாயம் என்று குரல் வந்தது.

அக்கா குளியலறைக் கண்ணாடியின் முன்னால் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். உடுப்பில் படாமலிருக்க மேலே அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தாள். கழுத்துப் பட்டையெல்லாம் கறுப்புத் திட்டு. இரண்டு கைகளையும் தோளோடு வெட்டி எடுத்திருந்தாள்.

"வாடி. நாளைக்கு உன் விழாவுக்கு வரணுமே, கிழவி மாதிரியா வர்றது?"

இவள் குளியல் முக்காலியில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் தயார் செய்திருந்த வார்த்தைகள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கலைந்துபோயின. நேராகவே சொல்லிவிட்டாள்: நாளைக்கு மேடையில் உண்மையைச் சொல்லப் போகிறேன், தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் உங்களை யார் என்ன செய்ய முடியும், குடுவையைத் தொட்டது நீங்கள்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

சாயத் தூரிகை பாதித் தலையில் நின்றது.

"நான் எங்கடி தொட்டேன்?"

"அக்கா, இன்னுமா?"

"நீதானே தொட்டே. காலைல முதல்ல வந்தவ நீ. 'தானா வந்திருக்கு'ன்னு சொன்னியாமே. உன் மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியாதா? இவ மாட்டிக்கிட்டா வேலை போயிடுமேன்னு நானும் அதையே சொல்லி வெச்சேன்."

இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாய் சொட்டியது. அக்கா அதை இறுக்கி மூடினாள், அப்போதும் சொட்டியது.

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா நான் தொடலை."

அப்படியானால் தலைவரிடம் சொன்ன பொய் பொய்யே இல்லை. இருவரும் ஆளுக்கொரு பொய் என்று நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேதியியல் படித்தவர்கள் அதோடு நிற்க முடியுமா? தானாக எப்படி வரும்? ஒரு விதை வேண்டும். உறைந்த துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால்தான் மற்றதெல்லாம் அதைப் பார்த்து உறையும். அப்படி ஒரு துணுக்கு ஆய்வுக்கூடத்தில் எங்கே இருந்தது?

முதலில் அக்காவின் கண்தான் கோட்டின் மேல் போனது. சாயம் காய்கிறதே என்ற கவலையை விட்டுவிட்டு அவள் கோட்டின் தோள் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஆணி அலமாரிக்கு மேலதானே இருந்துச்சு" என்றாள் மெதுவாக.

அன்று கொட்டிய பாகு கோட்டின் கை நுனியில் காய்ந்திருந்தது. துவைத்தும் போகாமல் ஒரு திட்டு அங்கேயே கிடந்தது. துணியில் ஒட்டிக்கொண்டு, குடுவைக்குள் இருந்தது செய்ய மறுத்ததை அது தன் போக்கில் செய்திருக்க வேண்டும். மாட்டும்போதும் எடுக்கும்போதும் ஏதோ ஒரு நாள் ஒரு பொடி உதிர்ந்து, குண்டூசி ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை.

"அப்ப கொட்டினவங்களுக்குத்தான் அந்தத் தகடு போய்ச் சேரணும்" என்றாள் அக்கா. "கொட்டினது நீ. நான் கீழே பிடிச்சேன்."

"நான்தான்கா பிடிச்சேன். நீங்க ஊத்தினீங்க."

"நானா? என் கை நடுங்காதுடி."

இத்தனை காலமும் ஒருத்தி கொட்டினதை மற்றவள் மனசுக்குள் மன்னித்து வைத்திருக்கிறாள். இப்போது மன்னிக்க எதுவும் இல்லாதபோது இரண்டு பேரும் கீழேதான் பிடித்திருந்தார்கள், ஊற்ற ஆளே இல்லை. அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. அக்காவுக்கு இடதுகைப் பழக்கம். ஊற்றுகிற கையில்தான் வழியும், கோட்டைப் போட்டிருந்தவள்தான் ஊற்றியிருப்பாள். திட்டு இடது கையில் இருந்தால் அக்கா, வலது கையில் இருந்தால் இவள்.

"அந்தக் கைகள் எங்கக்கா?"

அக்கா யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் வெட்டினேன், ஜன்னல் துடைக்க வைத்திருந்தேன், ரொம்ப நாள் வந்தது, நல்ல துணி என்றாள்.

"எந்தக் கைல திட்டு இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டையும் ஒண்ணாச் சுருட்டித்தானேடி துடைப்பேன்."

இருவரும் கையில்லாத தோள்களைப் பார்த்தார்கள். பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், சாயம் நெற்றியில் வழிந்தது. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். நீங்களும் மேடைக்கு வாருங்கள், இரண்டு பேருமாகச் சொல்லிவிடலாம் என்றாள்.

"ரெண்டு பேரும் பண்ணலைன்னு சொல்றதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? நீயே சொல்லு. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லு." நெற்றியைக் கோட்டின் நுனியால் துடைத்தாள். "சொன்னாலும் நம்ப மாட்டாங்க. தலைவரே நம்பலை."

தலையை அலசிவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். படியிறங்கி வந்து, பேருந்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டபோது கோட்டின் முதுகுப் பக்கம் இன்னும் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் கோட்டைப் பிரித்துப் பார்த்தார். கை எங்கே என்றார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "அப்ப யார்தான் பண்ணது?" என்றார்.

மறுநாள் விழா தாமதமாகத் தொடங்கியது. கோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்தார்கள், கைகள் இல்லாதது தெரியாமலிருக்கப் பக்கவாட்டில் திருப்பி, தோள் ஓட்டைகளில் வெள்ளைக் காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தகடு அப்படியே இருந்தது. அவளைப் பேச அழைத்தார்கள். அந்தக் குடுவையை நான் தொடவில்லை, என்னோடு வேலை பார்த்த அக்காவும் தொடவில்லை, அது தானாக வந்தது என்றாள். சபை சிரித்தது, கை தட்டியது. முன் வரிசையில் இருந்த விழாக் குழுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இவள் கோப்பைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள், ஈயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி ஓரத்தில் சாயம் போகவில்லை. தகட்டை மாற்ற முடியுமா, இரண்டு பேர் என்றாவது போட முடியுமா என்று இவள் விழாக் குழுப் பெண்ணிடம் கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள். கீழே தேநீர் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். முத்திரை எதுவும் இல்லை. கணவர் அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கி மேசையில் வைத்தார். நிறுத்தத்தில் அக்காவின் பேருந்து முதலில் வந்தது.